வெளிச்சுவருக்கு என்ன போடுவது?

புதுமனை புகுவிழாவுக்கு வந்த உறவினர்களில் பாதிப் பேர், முன்பக்கம் ஏன் டைல்ஸ் ஒட்டவில்லை என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் நின்று பதில் சொல்ல நேரமில்லை. வீடு இப்போது இரண்டு மழைக்காலத்தையும் இரண்டு அக்னி நட்சத்திரத்தையும் பார்த்துவிட்டது. சொந்தமாக வீடு கட்டத் தொடங்கியிருக்கும் சக ஆசிரியைகள் இருவரும் இதே கேள்வியைக் கேட்டதால், அன்று விட்ட பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வேலூரை அடுத்த காட்பாடிக்கு வடக்கே, சித்தூர் சாலையை ஒட்டிய மனையில், பொருளை நாங்களே வாங்கிக் கொடுத்து, மேஸ்திரிக்குச் சதுரடிக் கணக்கில் கூலி பேசிக் கட்டிய வீடு எங்களுடையது. 28 அடிக்கு 36 அடி, கீழும் மேலுமாக இரண்டு தளம். சுற்றளவு 128 அடி, உயரம் 22 அடி. கதவு, சன்னல்களைக் கழித்தால் வெளிச்சுவர் மட்டும் ஏறத்தாழ 2,400 சதுர அடி வருகிறது. வீட்டுக்குள் போடும் தரையையும் சமையல் மேடையையும் பற்றி மாதக்கணக்கில் பேசிய நாங்கள், வெயிலையும் மழையையும் நேராக வாங்கப்போகிற இந்த 2,400 சதுர அடியைப் பற்றி ஒரு நாளும் பேசியிருக்கவில்லை. அதைப் பேசவைத்தது சத்துவாச்சாரியில் இருக்கும் என் அக்கா வீட்டில் நடந்த ஒரு சம்பவம்.

அக்கா வீட்டின் முகப்பில் கரும்பழுப்பு நிற எலிவேஷன் டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய நான்காம் ஆண்டு ஐப்பசி மழையில், ஒரு நாள் விடியற்காலையில், மேல்மாடிச் சன்னலுக்கு மேலிருந்து நான்கு டைல்கள் சேர்ந்தாற்போல் விழுந்தன. மாமாவின் இரு சக்கர வண்டியின் இருக்கை கிழிந்ததோடு போயிற்று; அரை மணி நேரம் கழித்து விழுந்திருந்தால், அந்த இடத்தில் அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்திருப்பார். அன்று மாலை நான் போனபோது, உடையாத ஒரு டைலைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கழுவிய தட்டு போலச் சுத்தமாக இருந்தது. சுவரில் மட்டும் ஐந்து இடங்களில், நான்கு மூலைக்கும் நடுவுக்குமாக, உள்ளங்கை அகலத்தில் சிமெண்டுக் கட்டிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சிமெண்டு சுவரைப் பிடித்திருக்கிறது, டைலைப் பிடிக்கவில்லை.

காரணம் எளிமையானது. கண்ணாடி போல இறுகும்படி சுட்ட இந்த விட்ரிஃபைட் வகை டைல் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தண்ணீரை உறிஞ்சும். சாதாரண சிமெண்டுப் பால் எந்தப் பொருளுக்குள் கொஞ்சமாவது இறங்குகிறதோ அதைத்தான் இறுகப் பிடிக்கும். உறிஞ்சாத பொருளின் மேல் அது காய்ந்த சோற்றுப் பருக்கை போல ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். இதற்கென்று உள்ள பசையை, பல் வைத்த கரண்டியால் சுவர் முழுவதும் சீவிப் பரப்பி, டைலை அழுத்தி ஒட்ட வேண்டும். அவசரத்துக்கு ஐந்து பொட்டு வைத்து ஒட்டினால், பொட்டுகளுக்கு இடையில் இருக்கும் வெற்றிடத்தில் மேல் விளிம்பின் வழியாக மழைநீர் இறங்கித் தேங்குகிறது. அடர் நிற டைல் மேற்கு வெயிலில் 60 டிகிரியைத் தாண்டிச் சூடாகி விரிந்து, திடீர் மழையில் சட்டென்று சுருங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி விரிந்து சுருங்கினால் எந்தப் பிடிப்பும் விட்டுத்தான் போகும். டைல் விற்றவர்கள் ஒட்டியவர்களைக் கைகாட்டினார்கள். ஒட்டியவர்கள் டைலைக் குறை சொன்னார்கள். அதே நிறத்தில் நான்கு டைல் வாங்கலாம் என்றால், அந்த வகை கடைகளிலிருந்தே போய்விட்டிருந்தது. கடைசியில் சாரம் கட்டி, முகப்பு முழுவதையும் உடைத்து இறக்கினார்கள்.

அதற்குப் பிறகு எந்தப் பொருளைப் பார்த்தாலும், இது எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்பதை விட்டுவிட்டு, இது கெட்டால் எவ்வளவு இடம் கெடும், அதை யார் வந்து சரிசெய்வார், அதே பொருள் அப்போது கிடைக்குமா என்று கேட்கத் தொடங்கினேன். எனக்கும் என் கணவருக்கும் அறுபது வயது ஆகும்போது, வீட்டைச் சுற்றிச் சாரம் கட்டி நிற்கும் நிலை வரக்கூடாது என்பது என் கவலை.

வேலூர்ப் பக்கத்துக்கு என்று சில கணக்குகள் இருக்கின்றன. மரமில்லா மலை என்று இந்த ஊரைப் பற்றிச் சொல்லும் பழமொழியிலேயே பாதி விடை இருக்கிறது. சுற்றியுள்ள மொட்டைப் பாறைகள் பகலெல்லாம் காய்ந்து இரவில் அனலைத் திருப்பிக் கொடுக்கின்றன. கோடையில் 40 டிகிரிக்கு மேல் போவது இங்கே செய்தியே அல்ல. நாம் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து விழும். வடக்குச் சுவருக்கு வெயிலே படாது என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. ஆனாலும் உண்மையில் அடி வாங்குவது கிழக்கும் மேற்கும்தான். காலை, மாலை வெயில் தாழ்வாக, சுவருக்கு நேராக வருவதால், இரண்டடிச் சன்ஷேடு அதைத் தடுக்காது. மழைக்குக் கணக்கு வேறு. வடகிழக்குப் பருவத்தில், வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகும் நாள்களில், சாரல் வடக்கு, கிழக்குச் சுவர்களில் மணிக்கணக்கில் அடிக்கும். பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளம் கரை புரண்டு ஓடிய அந்த வாரத்தில், நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கிழக்கு அறைச் சுவர் உள்பக்கம் வரை நனைந்து, பாடப்புத்தகங்கள் அடுக்கியிருந்த அலமாரியின் பின்பலகை உப்பிப் போயிற்று. ஆக, ஒரே வீட்டில் ஒரு பக்கம் வெயிலுக்கும் மறுபக்கம் சாரலுக்கும் ஈடு கொடுக்க வேண்டும்.

முதலில் என் மனம் போனது கல்லின் பக்கம். வேலூரில் வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியில் எழுந்த கோட்டையின் கருங்கல் மதில் கண்முன்னே நிற்கும்போது, கல்லைவிட உறுதியான மேற்பரப்பு உண்டா என்றுதான் தோன்றும். சிறு வயதில் அகழிக்கரையில் நடந்துவிட்டு, விளக்கு போட்ட பிறகும் அந்த மதிலில் கையை வைத்து, இன்னும் சுடுகிறது என்று அக்காவிடம் சொன்ன நினைவு இருக்கிறது. அந்த நினைவுதான் என்னை யோசிக்கவும் வைத்தது. கோட்டையில் கல்தான் சுவர். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கல் தன் எடையைத் தானே தாங்கி நிற்கிறது. நாம் இன்று ஒட்டுகிற கல், வேறொரு சுவரில் தொங்குகிற கல். 20 மில்லிமீட்டர் கனமுள்ள கிரானைட் பலகை ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ இருக்கும். எங்கள் 2,400 சதுர அடிக்குக் கணக்கிட்டால் 12 டன். இவ்வளவு எடையை மேல்மாடி உயரத்தில் வெறும் பசையை நம்பித் தொங்கவிடக் கூடாது. துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகளைச் சுவரில் பதித்து மாட்ட வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஆட்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வர வேண்டியிருந்தது. இருபது ஆண்டு கழித்து ஒரு பலகை தளர்ந்தால் அவர்களை எங்கே போய்த் தேடுவது? போதாததற்கு, மேற்கில் ஒட்டிய கருநிறக் கல் மாலை வெயிலை உள்வாங்கி, இரவு முழுவதும் படுக்கையறைக்கு அனல் அனுப்பும்.

கல்லை முழுவதுமாகக் கைவிடவும் மனம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் கடைக்காலும் பேஸ்மட்டமும் இன்றும் கருங்கல்லில்தான் கட்டுகிறோம். வழக்கமாகத் தரைக்கு மேலே தெரியும் அந்தக் கல்கட்டின் மேலும் சிமெண்டு பூசி, பெயின்ட் அடித்து மறைத்துவிடுவார்கள். தரையில் விழும் மழைத்துளி சேற்றோடு தெறிப்பதும், ஓதம் ஏறி உப்பு பூப்பதும் அந்த மூன்றடியில்தான். பெயின்ட் முதலில் உரிவதும் அங்கேதான். ஆகவே பேஸ்மட்டத்தைத் தரையிலிருந்து மூன்றடி உயர்த்தி, முகம் செதுக்கிய கல்லாகப் பார்த்து அடுக்கச் சொல்லி, இடுக்குகளில் மட்டும் கலவை வைத்து அடைத்து (பாயிண்டிங்), கல்லைக் கல்லாகவே விட்டோம். அதற்கு மேல் ஓதத் தடுப்பு அடுக்கு, அதற்கும் மேல் செங்கல் சுவர். இந்த வீட்டில் நான் எடுத்த முடிவுகளிலேயே எனக்கு மிகவும் நிறைவு தந்தது இதுதான். இரண்டு ஆண்டில் அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. சேறு தெறித்தால் வாளித் தண்ணீர் போதும்.

அலுமினியக் கலப்புப் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆற்காடு சாலைக் கடைகளின் முகப்பில் அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கும் அதையே போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ கனமுள்ள இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து அழுத்திய 3 அல்லது 4 மில்லிமீட்டர் பலகை அது. அலுமினியம் சிமெண்டைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 3 மீட்டர் நீளப் பலகை, 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீள்கிறது. அந்த அசைவை எல்லாம் இணைப்பில் அடைத்திருக்கும் சிலிகோன் பசை தாங்க வேண்டும்.  அதைவிடப் பெரிய அச்சம் தீ. லண்டனில் கிரென்ஃபெல் குடியிருப்பில் 2017 ஜூன் 14 அன்று 72 உயிர்களைக் கொண்டுபோன தீ, பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கை நடுவில் கொண்ட இத்தகைய பலகைகள் வழியாகத்தான் கட்டடம் முழுவதும் பரவியது. அடுத்த ஆண்டே இங்கிலாந்து, 18 மீட்டருக்கு மேல் உயரமான புதிய குடியிருப்புக் கட்டடங்களின் வெளிச்சுவரில் எரியும் பொருள்களுக்குத் தடை விதித்தது. எங்கள் வீடு 22 அடிதான் என்றாலும், சமையலறைச் சன்னலுக்கு வெளியே எரியக்கூடிய ஒன்றை நானே காசு கொடுத்து மாட்ட விரும்பவில்லை. மரம் போலத் தெரியும் பலகைகளையும் பார்த்தேன். திறந்த வெளியில் இரண்டு கோடை வைத்திருந்த மாதிரித் துண்டைக் கடைக்காரரே காட்டியபோது, அதன் வெளுப்பைப் பார்த்துத் திரும்பிவிட்டேன்.

கம்பியில் வெட்டிய செங்கல், அதாவது வயர்கட் கல், என்னை அதிக நாள் இழுத்தது. பூச்சும் வேண்டாம், பெயின்டும் வேண்டாம். கல்லுக்குள்ளேயே நிறம் இருப்பதால் வெளுக்க எதுவும் இல்லை. வெயிலில் விரிவதும் சிமெண்டைவிடக் குறைவு. ஆனால் சூளைக்குச் சூளை தரம் மாறும். இரண்டு சூளைகளிலிருந்து ஐந்தைந்து கல் கொண்டுவந்து, பக்கத்துக் காய்கறிக் கடையின் மின்தராசில் எடை போட்டு, கல்லின் மேல் பென்சிலால் எழுதி, ஒரு நாள் முழுவதும் அண்டாவில் ஊறவைத்து மறுபடியும் நிறுத்தேன். முதல் சூளைக் கல் 3.1 கிலோவிலிருந்து 3.8 கிலோவுக்குப் போயிற்று. அதாவது 22 சதவீதத்துக்கு மேல். இரண்டாம் சூளைக் கல் 3.2 கிலோவிலிருந்து 3.6 கிலோ, 12 சதவீதம் அளவில். சாதாரணச் செங்கல்லுக்கே 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர விதி. பிறகு இரண்டு கல்லையும் ஓர் அங்குலத் தண்ணீர் ஊற்றிய தட்டில் செங்குத்தாக நிறுத்தி, தண்ணீர் வற்றும்வரை மாடியில் வைத்தேன். முதல் கல்லின் தலையில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது, திருநீறு பூசியது போல. இரண்டாவது கல் சுத்தமாக இருந்தது. எந்த விற்பனையாளர் சொல்லையும்விட அந்தத் தட்டு எனக்குத் தெளிவாகச் சொல்லிற்று. மாடிப்படியும் குளியலறைகளும் இருக்கும் மேற்குப் பக்கத்தை மட்டும் இரண்டாம் சூளைக் கல்லில் பூச்சில்லாமல் கட்டினோம். படுக்கையறைகளுக்கும் மேற்கு வெயிலுக்கும் நடுவே படிக்கட்டு வந்துவிட்டதால், சுவர் சூடானாலும் தூக்கம் கெடவில்லை. அந்தச் சுவரைக் கட்டிய நாள்களில், வழியும் கலவையை அன்றன்றே ஈரச் சாக்கால் துடைக்கச் சொல்லி நானே நின்றேன். காய்ந்தபின் அந்தக் கறையை எடுக்கவே முடியாது.

சுண்ணாம்புப் பூச்சில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆற்காட்டிலும் வாலாஜாவிலும் பழைய வீடுகளில், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு, தலைமுறை கடந்தும் சுவரைச் சுவாசிக்கவிட்டுக்கொண்டு நிற்கிறது. ஆனால் அதை அரைக்கவும் தேய்க்கவும் தெரிந்த கைகள் எங்களுக்கு அமையவில்லை, கட்டி முடிக்க வேண்டிய தேதியும் நெருங்கியிருந்தது.

எஞ்சிய மூன்று பக்கத்துக்கும் நாங்கள் எடுத்தது, கேட்பவர்களுக்குச் சப்பென்று இருக்கும் முடிவு: நல்ல சிமெண்டுப் பூச்சு, அதன் மேல் வெளிர் நிற எமல்ஷன் பெயின்ட். உரிந்தால் எந்த ஊர்க் கொத்தனாரும் பெயின்டரும் அந்த இடத்தை மட்டும் சரிசெய்துவிடலாம் என்பதே அதன் பலம். ஆனால் நல்ல பூச்சு என்பது வாயால் சொல்வது போல எளிதல்ல. பாலாற்று மணல் ஒரு காலத்தில் பெயர் பெற்றது. ஆற்றை நாம் சுரண்டித் தீர்த்த பிறகு, இப்போது பாறையை உடைத்து அரைத்த எம்-சாண்ட்தான். பூச்சுக்கென்று சலித்து வரும் எம்-சாண்டில் தூள் அதிகமானால் சுவரில் மயிர்க்கோடாக விரிசல் விழும். ஒவ்வொரு லோடிலும் ஒரு பிடியைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கலக்கி, மேலே படியும் சேற்றின் அளவைப் பார்த்துத்தான் இறக்கச் சொன்னேன். 12 மில்லிமீட்டர் முதல் கை, 8 மில்லிமீட்டர் இரண்டாம் கை, இரண்டும் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் கலவை. இரண்டாம் கையில் சிமெண்டு கூடினால் அது உள்ளே இருப்பதைவிட அதிகமாகச் சுருங்கி வெடிக்கும் என்று மேஸ்திரியே விளக்கினார். கான்கிரீட் தூணும் செங்கல்லும் சேரும் கோடுகளில் எல்லாம், இரு பக்கமும் நான்கு அங்குலம் ஏறும்படி கோழிவலை அடித்தோம். வெளியே பட்டி பார்க்க (புட்டி தேய்த்து வழவழப்பாக்க) வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். எங்கள் தெருவில் தோல் உரிந்தது போல நிற்கும் சுவர்கள் எல்லாம் பட்டி பார்த்தவைதான்.

பலரும் கவனிக்காத ஒன்று சாரத்து ஓட்டை. சவுக்குக் கம்பைச் சுவருக்குள் சொருகிச் சாரம் கட்டுவதால், ஒவ்வொரு வரிசையிலும் செங்கல் அளவு ஓட்டைகள் விழுகின்றன. சாரத்தை அவிழ்த்துக்கொண்டே இறங்கும்போது, மாலை அவசரத்தில், உடைந்த கல்லும் மிஞ்சிய கலவையும் திணித்து அடைப்பார்கள். மழை உள்ளே வருவது பெரும்பாலும் அந்த வழியில்தான். எங்கள் வீட்டில் 74 ஓட்டைகளை எண்ணி, ஒவ்வொன்றையும் நனைத்து, முழுக் கல் வைத்து, முதல் நாள் பாதியும் மறுநாள் மீதியுமாக அடைக்கச் செய்தோம். “டீச்சர், பரீட்சைப் பேப்பர் மாதிரி எண்றீங்களே” என்றார் மேஸ்திரி. ஆனால் கடைசி இருபது ஓட்டைகளை அவரே எண்ணினார்.

எங்களிடமும் ஒரு தவறு நடந்தது. தை, மாசியில் முடிய வேண்டிய பூச்சு தள்ளிப்போய், தெற்குச் சுவரின் மேல்பகுதியைச் சித்திரையில் பூசினோம். எனக்கு விடைத்தாள் திருத்தும் பணி வந்ததால், மூன்று நாள் மதியத் தண்ணீர் விட ஆளில்லை. நான்காம் நாள் கரண்டிப் பிடியால் தட்டிப் பார்த்தபோது, கெட்டியான இடத்தில் கணீரென்று கேட்ட ஒலி, ஒரு கட்டில் அகலத்துக்கு டொப் டொப் என்று மாறியது. அந்தப் பகுதியை அன்றே கொத்தி எடுத்து மறுபடி பூசி, கோணிப்பை தொங்கவிட்டு, பத்து நாள் நனைத்தோம். செலவு வலித்தது. அதை மூடி பெயின்ட் அடித்திருந்தால் இன்று அக்கா வீட்டு டைலின் கதைதான்.

இவை எல்லாவற்றையும்விடச் சுவரைக் காப்பது, சுவரில் தண்ணீர் வழியாமல் செய்வதுதான். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் தலையில் வெறும் சிமெண்டு பூசி விட்டால், அதில் விழும் விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி, பூச்சுக்குப் பின்னாலிருந்து தள்ளும். முன்னால் எவ்வளவு விலையுள்ள பெயின்ட் அடித்தாலும் நிற்காது. நாங்கள் தலை முழுவதும் கிரானைட் பலகையை, மாடிப் பக்கம் சற்றே சாய்வாக, இரு பக்கமும் இரண்டு அங்குலம் வெளியே நீட்டிப் போட்டு, நீட்டிய பகுதியின் அடியில் அரை அங்குலக் காடி (பள்ளக்கோடு) வெட்டினோம். சன்ஷேடுகளின் அடியிலும் அதே காடி. பலகையின் அடியில் ஊர்ந்து சுவரை நோக்கி வரும் தண்ணீர், காடியைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். 12 டன் கல்லுக்குப் போக வேண்டிய பணத்தில் மிகச் சிறு பங்கு இதற்கு ஆயிற்று.

பூச்சு முடிந்து 28 நாள் காத்திருந்து, பிரைமர் ஒன்று, எமல்ஷன் இரண்டு கை அடித்தோம். வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை. காவி, மஞ்சள் போன்றவை மண்ணிலிருந்து வரும் இரும்புச் சாயங்கள் என்பதால் வெயிலில் நிற்கும். பளிச்சென்ற சிவப்பும் ஊதாவும் சீக்கிரம் வெளுக்கும். நிறத்தின் எண்ணை மின்பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். மிஞ்சிய வயர்கட் கல் அறுபது, படிக்கு அடியில் இருக்கிறது.

இப்போதைய நிலை இதுதான். வடக்கிலும் கிழக்கிலும் ஒரு விரிசலும் இல்லை. மேற்கில், கீழ்க் குளியலறைக்கு வெளியே, செங்கல்லில் கையகல இடத்தில் உப்பு பூத்திருக்கிறது. உள்ளே குழாய் இணைப்பில் இருந்த கசிவைக் கண்டுபிடித்து நிறுத்தியாயிற்று. அந்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பவும் கல்லுக்குள்ளேயே போய்விடும். மாசி வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகு, உலர்ந்த தென்னைநார் பிரஷ்ஷால் தேய்த்து, விழும் தூளைப் பழைய துணியில் பிடித்து அப்புறப்படுத்தப்போகிறேன்.